மயில் எச்சமும் மழைத்தண்ணீரும்

போன வருஷம் கார்த்திகை பிறந்த வாரம், எங்கள் வீட்டில் ஐந்து பேரில் நான்கு பேருக்கு வயிற்றுப்போக்கு. பையனுக்கு இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றும் அளவுக்குப் போய்விட்டது. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "தண்ணி எங்க பிடிக்கிறீங்க?" என்பதுதான். மழைத்தண்ணி என்று பெருமையாகச் சொன்னேன். வடிகட்டித்தான் சேர்க்கிறோம் என்று கூடுதலாகவும் ஒரு வரி. தப்பித்த ஒரே ஆள் அப்பத்தா. சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரைத் தவிர அவர் வேறெதையும் தொடமாட்டார். அந்த வித்தியாசம் எனக்கு உறைக்கவே இரண்டு நாள் ஆனது.

முதுகுளத்தூர் பக்கம் எங்கள் ஊர். ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் சொச்சம் மழை. அதில் பாதிக்கு மேல் ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும், மிச்ச நாளெல்லாம் வெயில். 2003-ல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தபோது பெரும்பாலான ஊர்களில் குழி வெட்டித் தண்ணீரைத் தரைக்குள் விட்டார்கள். எங்கள் பக்கம் தரைக்குள் விட்டால் அதுவும் உப்பாகிவிடும். எங்கள் போர்வெல் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை (கரைந்திருக்கும் உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் கருவி) வைத்தால் 3,400 காட்டும். குடிநீருக்கு இந்தியத் தர அளவு 500, வேறு வழியே இல்லையென்றால் 2,000. அதனால்தான் பத்தடிக்கு ஏழடி, ஆறடி ஆழத்தில் சம்ப், அதாவது நிலத்தடித் தொட்டி கட்டி, மாடித் தண்ணீரை நேரே அதில் இறக்கினோம். 12,000 லிட்டர் பிடிக்கும். குடிக்க, சமைக்க நாளுக்கு 40 லிட்டர் என்றால் 300 நாள் தாங்கும்.

"வானத்துலருந்து வர்ற தண்ணிக்கு என்னப்பா சீக்கு?" என்றார் அப்பத்தா. வானம் வரைக்கும் சரிதான். கூரையில்தான் வினை.

மாடிக்கு ஏறிப் பார்த்தேன். வறண்ட ஊர்களில் கூரையின் சிக்கலே வேறு. மழை அடிக்கடி பெய்யும் ஊரில் வாரத்துக்கு ஒருமுறை மாடி தானாகக் கழுவப்பட்டுவிடும். எங்கள் மாடி எட்டு ஒன்பது மாதம் சேர்த்து வைக்கிறது. மயில்கள்தான் முதல். சீமைக்கருவேலங்காட்டிலிருந்து விடியற்காலையில் வந்து கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்காரும். கோழி எச்சத்தைப் போல இரண்டு மடங்கு போடும். அடுத்து கரிமூட்டப் புகை: காட்டில் கருவேலக் கட்டையைச் சுட்டுக் கரியாக்கும் நாட்களில் மாடித் தரையை விரலால் தொட்டால் கறுப்பு ஒட்டும். பங்குனி, சித்திரையில் முண்டு மிளகாய் காயப் போட்டதில் காம்பும் தூசியும், மருந்தடித்த மிளகாய் என்பதால் அதன் மிச்சமும். இதற்கு மேல் தீபாவளி. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரமும் வெடி வெடிக்கும் நேரமும் எங்களுக்கு ஒன்றாகத்தான் வரும். மாடியில் வெடித்த பேப்பரும் மருந்துத் தூளும் மறுநாள் மழையில் நேராகக் குடிதண்ணீருக்குள் இறங்கியிருக்கிறது. சங்குசக்கரம் விட்டதே நான்தான்.

பறவை எச்சத்தில் காம்பைலோபேக்டர், சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். பல்லி எச்சத்திலும் சால்மோனெல்லா உண்டு. எலி ஓடினால் எலிக்காய்ச்சலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தாலும் இவை உள்ளே இருக்கும். டிடிஎஸ் மீட்டர் இதில் எதையும் காட்டாது, அது உப்பை மட்டும்தான் அளக்கும். ஆனால் எனக்கு வேறொரு வேலைக்கு அது உதவியது. குழாய்முனையில் பிடித்த மழைநீர் 28, சம்ப்பில் 95. சிமென்ட் சுவர் கொஞ்சம் ஏற்றும்தான். சுவரில் விரிசல் விட்டு நிலத்தடி நீர் கசிந்திருந்தால் எங்கள் ஊர் உப்பு மீட்டரை இதைவிட நிறைய ஏற்றிக் காட்டிக் கொடுத்திருக்கும். கழிவறைத் தொட்டி பன்னிரண்டு அடியில்தான் இருக்கிறது என்பதால் இந்தச் சந்தேகம் தீர்ந்ததே பெரிய நிம்மதி.

அப்புறம் மூன்று எச்2எஸ் பாட்டில்கள் வாங்கினேன். மல வழி மாசு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கும் எளிய சோதனை இது. 1982-ல் குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் இந்த முறையை வெளியிட்டார்கள். பாட்டிலுக்குள் மருந்தில் நனைத்துக் காய வைத்த ஒரு துண்டுத் தாள் இருக்கும். கோட்டுக்குத் தண்ணீரை நிரப்பி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் போதும். கிருமி இருந்தால் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகித் தண்ணீர் கறுத்துவிடும். வைரஸைக் கண்டுபிடிக்காது, அதனால் கறுக்கவில்லை என்பதை மட்டும் வைத்துச் சான்றிதழ் கொடுத்துவிட முடியாது. கறுத்தால் மட்டும் மாசு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு நாளில் நல்ல மழை. அரை மணி நேரம் பெய்த பிறகு மாடிக் குழாயின் முனையில் நேரடியாக ஒரு பாட்டில், வடிகட்டிப் பெட்டியைத் தாண்டி வரும் இடத்தில் ஒன்று, சம்ப்பிலிருந்து ஒன்று. பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதி அடுப்பங்கரை அலமாரியில் வைத்தேன். மறுநாள் காலை காப்பி போட எழுந்த அம்மா கூப்பிட்டார். வடிகட்டித் தண்ணீர் பாட்டில் மை ஊற்றினாற்போல இருந்தது. சம்ப் பாட்டில் அன்று மாலைக்குள் கறுத்தது. வடிகட்டாத, மாடியிலிருந்து நேரே பிடித்த தண்ணீர் இரண்டாம் நாள் சாயந்திரம்தான் லேசாகப் பழுப்பானது.

அதாவது மாடித் தண்ணீரைவிட நான் நம்பிய வடிகட்டி மோசம்.

மூடியைத் திறந்தேன். மேலே நைலான் வலை, அடியில் மணல், அடுப்புக்கரி, ஜல்லி. கட்டி இரண்டு வருஷமாகிறது, ஒரு தடவையும் கழுவியதில்லை. வலை மேல் இரண்டு விரல்கடை உயரத்துக்குச் சகதி, அதில் காய்ந்த ஒரு பல்லி, கூட ஒரு மயில் இறகு. மணலைக் கையில் அள்ளினால் உள்ளே இன்னும் ஈரம், சாக்கடை நாற்றம். மாடியில் வெயிலில் காய்ந்து செத்திருக்க வேண்டிய கிருமிக்கு நிழலும் ஈரமும் தீனியும் கொடுத்து நானே ஒரு பண்ணை வைத்திருந்தேன். கரியும் அப்படித்தான்: புதிதாக இருக்கும்போது வாடையையும் நிறத்தையும் இழுத்துக்கொள்ளும், நிறைந்துவிட்டால் சும்மா கிடக்கும். கிருமியைக் கொல்லும் சக்தி அதற்கு எப்போதும் இருந்ததில்லை. "தேத்தாங்கொட்டைய ஒரசி விட்டா தெளிஞ்சுருமே" என்றார் அம்மா. தெளியும். ஊரணித் தண்ணீருக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். தூசி படியும், கிருமியும் கொஞ்சம் கூடவே படியும், மிச்சம் மேலேயே நிற்கும்.

பாதித் தொட்டித் தண்ணீர் இருந்தது. கொட்ட மனசு வரவில்லை. 6,000 லிட்டருக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் 12 கிராம் குளோரின் வேண்டும். புது பிளீச்சிங் பவுடரில் குளோரின் நூற்றுக்கு 30 இருக்கும் என்று வைத்து 40 கிராம் எடுத்தேன். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு மேல் தெளிவை மட்டும் ஊற்றிக் கலக்கிவிட்டேன். அரை மணி கழித்து ஒரு மாதிரி எடுத்து, குளோரின் பார்க்கும் சொட்டு மருந்தை விட்டால் மஞ்சளே இல்லை. அடியில் கிடந்த வண்டல் குளோரினைத் தின்றுவிட்டது. பாக்கெட்டும் கடையில் எவ்வளவு நாள் கிடந்ததோ, திறந்து வைத்தால் வீரியம் போய்க்கொண்டே இருக்கும் சரக்கு அது. இன்னொரு 40 கிராம் போட்டதும் வெளிர் மஞ்சள் வந்தது, லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராமுக்குள். (அந்த மருந்து விட்ட மாதிரியைக் குடித்துவிடக் கூடாது, கீழே கொட்ட வேண்டும்.) அந்த வருஷம் முழுக்கக் குடிக்கும் தண்ணீரை எல்லாருமே கொதிக்க வைத்தோம். தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் போதும். அப்பத்தாவுக்கு முகத்தில் ஒரு சிரிப்பு.

ஆவணியில் தொட்டி வற்றியதும் நிஜ வேலை தொடங்கியது.

முதலில் உள்ளே இறங்குவது. இதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். மூடிக்கிடந்த சம்ப்புக்குள் காற்று இருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. ஒருவர் இறங்கி மயங்க, அவரைத் தூக்க இறங்கியவரும் போய்ச் சேர்ந்த செய்தி வருஷா வருஷம் வருகிறது. முந்தின நாளே மூடியைத் திறந்து போட்டு, மேலிருந்து மின்விசிறியை உள்ளே திருப்பி வைத்தேன். இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர். பெட்ரோல் மோட்டாரை வாய்ப்பக்கம் வரவே விடவில்லை, அதன் புகையே ஆளைச் சாய்க்கும். வண்டல் மூன்று வாளி வந்தது. சுவரைத் தேங்காய் நார் பிரஷால் தேய்த்துக் கழுவினோம். சுவரில் பிளீச்சிங் கரைசல் அடிக்கப் பக்கத்து வீட்டுச் சித்தப்பா தன் தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பருத்திக்கு மருந்தடிக்கும் தெளிப்பான் சித்தப்பா, வேண்டாம் என்றேன். நாலு நாள் பேசவில்லை.

சுவர் தேய்த்ததற்கு இன்னொரு காரணம் கொசு. மூடியை நகர்த்தியபோதே ஓரத்தில் நெளிபுழு பார்த்திருந்தேன். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். தொட்டி காய்ந்தாலும் மாதக்கணக்கில் அந்த முட்டை உயிரோடு கிடந்து, அடுத்த மழையில் தண்ணீர் தொட்டதும் பொரியும். காயவிட்டால் போதும் என்பது இங்கே பலிக்காது, தேய்த்தே எடுக்க வேண்டும். குடிக்கிற அளவில் போடும் குளோரினுக்குப் புழு சாகாது. தண்ணீர் சேர்த்து வைக்கும் வறண்ட ஊரில் டெங்கு வருவது இப்படித்தான். எங்கள் சம்ப்பில் ஓட்டை எங்கே என்று பார்த்தால் நிரம்பி வழியும் குழாய். அதற்கு யாரும் வலை கட்டவில்லை. இப்போது கொசு நுழையாத சன்னமான ஸ்டீல் வலை, கிளிப் போட்டு.

அடுத்து முதல் மழையை வெளியே தள்ளும் ஏற்பாடு. பிளம்பர் தம்பி ஏற்கெனவே 'ஃபர்ஸ்ட் ஃபிளஷ்' என்று நாலு இஞ்ச் குழாயை மூன்று மீட்டருக்குத் தொங்கவிட்டு அடியில் எண்ட் கேப், அதாவது முனைமூடி போட்டிருந்தார். பார்க்க ஜோராக இருக்கும். கணக்குப் போட்டுப் பார்க்க இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டேன். நாலு இஞ்ச் குழாய் மீட்டருக்கு எட்டரை லிட்டர்தான் பிடிக்கும், மூன்று மீட்டருக்கு 26. தண்ணீர் பிடிக்கும் மாடிப் பரப்பு 720 சதுர அடி, அதாவது 67 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 67 லிட்டர். ஆக அரை மில்லிமீட்டர் மழையைக்கூட அந்தக் குழாய் வெளியே தள்ளவில்லை. எட்டு மாத எச்சத்துக்கு இரண்டு மில்லிமீட்டராவது போக வேண்டும். போதாக்குறைக்கு எண்ட் கேப்பை யாரும் கழற்றுவதில்லை. முதல் மழையில் நிரம்பிய அழுக்குத் தண்ணீர் அப்படியே நிற்க, அடுத்த மழை அதன் தலைக்கு மேல் நேராகச் சம்ப்புக்குப் போய்க்கொண்டிருந்தது.

மாம்பழக்கூழ் வந்த 200 லிட்டர் நீல டிரம் ஒன்று கிடைத்தது. மருந்து, ஆசிட் வந்த டிரம் மலிவாகவே கிடைக்கும், அதைத் தொடவில்லை. மாடிக் குழாயில் டிரம்மின் வாய் மட்டத்துக்கு ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு, கீழ்க்கிளை டிரம்முக்குள், பக்கக்கிளை சம்ப்புக்கு. கீழ்க்கிளையில் ஒரு பிளாஸ்டிக் பந்து: டிரம் நிரம்பியதும் மிதந்து வந்து வாயை அடைக்கும், அதற்குப் பிறகு வரும் தண்ணீர் சம்ப்புக்குத் திரும்பும். சொல்ல எளிது. முதல் சோதனையில் வாளி வாளியாக மாடியில் ஊற்றினோம். டிரம் கொளக்கொளக்கென்று சத்தம் போட்டுவிட்டுப் பாதியிலேயே தண்ணீரைச் சம்ப்பு பக்கம் தள்ளியது. உள்ளே இருந்த காற்று போக வழி வைக்கவில்லை. அரை இஞ்ச் குழாய் ஒன்றை டீயைவிட உயரமாக ஏற்றி, முனையில் வலை கட்டியதும் சரியானது. டிரம் தானாகக் காலியாக, அடியில் சொட்டுநீர்ப் பாசன டிரிப்பரைச் செருகினேன். புத்திசாலித்தனம் என்று நினைத்தேன், இரண்டாவது மழையிலேயே வண்டல் அடைத்துக்கொண்டது. இப்போது எண்ட் கேப்பில் மூன்று மில்லிமீட்டர் துளை. ஐந்தாறு மணி நேரத்தில் காலி. அந்தத் தண்ணீர் கறிவேப்பிலைக்குப் போகிறது.

"இருக்கிற மழைய இப்பிடி வெளிய விடலாமா" என்று அம்மாவுக்கு ஆற்றாமை. வறண்ட ஊரில் யாருக்கும் அப்படித்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். மூன்று மாதத்தில் 400 மில்லிமீட்டர் என்று குறைத்தே வைத்து, நூற்றுக்கு 20 வீணாகும் என்று கழித்தாலும் 21,000 லிட்டர் வரும். பதினைந்து மழைக்கு 200 வீதம் 3,000 போனாலும் மிச்சம் 18,000. தொட்டியே 12,000-தான். நாம் வெளியே விடுவது எப்படியும் வழிந்து போகப் போகிற தண்ணீர். அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் "சரி" என்றார்.

வடிகட்டிப் பெட்டியை உடைத்தே போட்டேன். அதன் இடத்தில் கழற்றி உதறக்கூடிய ஒரு ஸ்டீல் வலைக்கூடை, அவ்வளவுதான். மணல் வடிகட்டி வைக்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். வருஷா வருஷம் மணலை வெளியே எடுத்து அலசி வெயிலில் காய வைக்கிற ஆள் வீட்டில் இருந்தால் வைக்கலாம். எங்கள் வீட்டில் அந்த ஆள் நானாக இருக்க வேண்டும், நான் என்னை அறிவேன்.

மாடிப்படி அறையின் தகரக் கூரையைத் தனியாகப் பிரித்துவிட்டேன். அதில் பழைய எனாமல் பெயின்ட் பொரிந்து உதிர்கிறது. பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது. இந்தப் பெயின்ட் அதற்கு ரொம்ப முந்தியது. மழைநீர் இயல்பாகவே லேசான புளிப்புள்ள, உப்பில்லாத தண்ணீர் என்பதால் உலோகத்தை எளிதில் கரைத்துக்கொள்ளும். இதே காரணத்துக்காக, இரவெல்லாம் பித்தளைக் குழாயில் நின்ற தண்ணீரைக் காலையில் முதல் சொம்பு பாத்திரம் கழுவ விட்டுவிடுகிறோம். சமாதானமான பிறகு சித்தப்பா கேட்டார், ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தண்ணீர் குடித்தால் புற்றுநோய் வருமா என்று. குடிப்பதால் வரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆபத்து மூச்சில். அந்த ஷீட்டை உலர்ந்த நிலையில் தேய்ப்பதும் அறுப்பதும்தான் கூடாது. அவர் அதைத்தான் வருஷாவருஷம் கம்பி பிரஷ் வைத்துச் செய்துகொண்டிருந்தார்.

மயிலுக்குத் தீர்வு இல்லை. விரட்ட முடியாது, துன்புறுத்தினால் குற்றம். கைப்பிடிச் சுவர் மேல் மீன்பிடி நரம்பை இரண்டு வரிசை இழுத்துக் கட்டினேன். ஒரு வாரம் தயங்கின, பிறகு தண்ணீர்த் தொட்டி மேல் உட்காரப் பழகிக்கொண்டன. மிளகாய் இப்போது களத்தில் காய்கிறது. புரட்டாசிக் கடைசியில் ஒரு தடவை, தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலை ஒரு தடவை மாடியைப் பெருக்கிக் கழுவுகிறேன். மழைக்காலம் முழுக்க மாடிக்குச் செருப்போடு யாரும் ஏறக் கூடாது. இது புதுச் சட்டமில்லை, குடிதண்ணீர் ஊரணிக்கு எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம்தான்.

இந்த வருஷம் ஐப்பசியில் முதல் இரண்டு மழையைச் சம்ப்பு பக்கமே விடவில்லை. தை பிறந்ததும் மறுபடி பாட்டில் வைத்தேன். சம்ப் பாட்டில் 48 மணி நேரம் தாண்டியும் நிறம் மாறவில்லை. மோட்டாரின் உறிஞ்சு குழாயைத் தரையிலிருந்து அரையடி தூக்கி வைத்ததும் உதவியிருக்க வேண்டும். ஒரு வீம்புக்காக அடுப்பங்கரைப் பானையிலிருந்தும் ஒரு பாட்டில் எடுத்திருந்தேன். அது முதல் நாள் இரவே கறுத்துவிட்டது.

பையன் விளையாடிவிட்டு வந்து கையோடு சொம்பை முக்கி எடுக்கிற பானை. பானையைப் பிளீச்சிங் தண்ணீரில் ஊற வைத்துக் கழுவி, அடியில் குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் ஒன்று வாங்கி, சொம்பைக் கொல்லைப்புறத்துக்கு அனுப்பியாயிற்று. அடுத்த பாட்டில் இப்போது அலமாரியில் இருக்கிறது. நேற்று ராத்திரி வைத்தது, இன்னும் நிறம் மாறவில்லை.